அம்மனுக்கு நேர்ந்த முடியும் ஷாஹினின் தராசும்

1

"முடி போவுதேன்னு உனக்குக் கவலையா? இல்ல, அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து போவுதேன்னு கவலையா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கேட்டவர் என் அண்ணன் மனைவி மல்லிகா அண்ணி. ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறார். மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் பேருந்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், நான் கம்பியைப் பிடித்தபடி வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார். அதனால் அன்று பதில் சொல்லாமல் தப்பித்தேன். தரைக்கு வந்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. இப்போது வாந்தியைச் சாக்குச் சொல்ல முடியாது.

எப்போதும் இந்தக் குறிப்புகளை அயர்லாந்தின் கால்வே நகரத்திலிருந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். மழை, வாடகை, மகளின் பள்ளி, குடியிருப்பு அட்டை என்று நான் புலம்பியதையெல்லாம் பொறுமையாகப் படித்தவர்கள் நீங்கள். இந்த முறை சந்தவாசலில் அண்ணன் வீட்டு மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்கு நானும் என் மகள் யாழினியும் வந்திருக்கிறோம். கணவர் செந்திலுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று, பக்கத்திலுள்ள படவேட்டு அம்மன் கோயிலில் யாழினிக்கு முடி இறக்குவதாக ஏற்பாடு. அவளுக்கு ஏழு வயது. இதுதான் முதல் மொட்டை.

அந்த முடியை நம்பிக் கால்வேயில் பலர் பணம் தருவதாக வாக்களித்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை நம்பிப் போளூர்ப் பட்டறையில் ஒரு ஜீப் நிற்கிறது. யாழினி முடியாது என்று அடம்பிடித்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்.

2

ஏழு வயது வரை ஏன் விட்டுவைத்தாய் என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள்.

யாழினி கால்வேயில் குறைமாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்தபோது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வட்டமான ஒரு துளை வழியாக ஒரு விரலை மட்டும் அவளிடம் நீட்டலாம். அப்படி நீட்டிக்கொண்டுதான் நேர்ந்துகொண்டேன். தாயே, இவளை என் மடியில் கொடு, முதல் முடி உனக்கு. கொடுத்துவிட்டாள். நான்தான் கொடுக்கவில்லை.

ஒரு வயதில் வந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கு அனுப்பிய படத்தில் குழந்தையின் கண்கள் முழுதாகத் திறக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கண் திறந்த படம் எடுத்து அனுப்பி, சீட்டு வந்து சேர்ந்தபோது விமானங்கள் பறக்காத காலம் வந்துவிட்டது. அதன் பிறகு என் குடியிருப்பு அட்டை காலாவதியானது. புதிய அட்டைக்கு நேரம் ஒதுக்கும் இணையப் பக்கம் திறக்கும். என் நீண்ட பெயரை நான் அடித்து முடிப்பதற்குள் எல்லா இடங்களும் போய்விடும். அட்டை இல்லாமல் வெளியேறினால் திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில் இன்னும் இரண்டு கோடைகள் போயின. முடி வளர்ந்து இடுப்பைத் தொட்டது.

பள்ளியில் பேன் பரவிய சமயம், கொஞ்சம் குட்டையாக வெட்டிவிடலாமே என்றார் வகுப்பு ஆசிரியை. இது எங்கள் தெய்வத்துக்குக் கடன்பட்ட முடி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் முகம் மாறியது. வீட்டில் பணக் கஷ்டம் ஏதாவது உண்டா என்று மெதுவாக விசாரித்துவிட்டு, கடனில் இருப்பவர்கள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் அச்சிட்ட தாளைக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

3

ஜீப் விஷயம் அண்ணியிடமிருந்து வந்தது.

மலையில் தார்ச்சாலை போகாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பிரசவ வலி எடுத்தால் கம்பில் துணித்தொட்டில் கட்டி, அதை டோலி என்பார்கள், பெண்ணைச் சாலை வரை தூக்கி வருகிறார்கள். அடிவாரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையினர் பழைய ஜீப் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். "ஆம்புலன்ஸு வராத பாதையில அது வரும் வாணி. ஐப்பசி மழைக்குள்ள வந்துட்டா, என் வயித்துல பால வாத்த மாதிரி" என்றார் அண்ணி.

யாழினியின் பள்ளியில் பெற்றோர்கள் ஆண்டுதோறும் ஒரு நல்ல காரியத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் திரட்டுவார்கள். கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு எனக்கு வியர்த்துப் போகும். ஆனாலும் எழுந்து, ஜவ்வாது மலை, ஜீப், டோலி என்று எழுதி வைத்ததை வாசித்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து தாய்மார்கள் கொண்ட குழு அமைந்தது. வாணி முன்வைத்த காரியம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்த மாலை மட்டும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அங்கே நன்கொடை திரட்டும் முறை இப்படி. குழுவுக்கு ஓர் இணையப் பக்கம். குழுவில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம். உங்களுக்கு இந்தக் காரியம் ஏன் முக்கியம் என்று அதில் எழுத வேண்டும். தெரிந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். நடக்கிறேன், நீந்துகிறேன், மொட்டை போடுகிறேன் என்று ஏதாவது ஒரு செயலைச் சொன்னால், அதைச் செய்து முடித்த பிறகு தருவதாக ஜனங்கள் வாக்களிப்பார்கள். எல்லாம் குழுவின் கணக்கில்தான் சேரும். ஆனாலும் யாருடைய பக்கத்தின் வழியாக அதிகம் வருகிறதோ, அவருடைய படம் மேலே ஏறி நிற்கும். அப்படி ஏற்பாடு செய்தவர் யாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கு ஓர் ஓரகத்தி இருந்திருக்க வேண்டும்.

ஷாஹினின் படம் முதல் வாரத்திலேயே மேலே போய் உட்கார்ந்துகொண்டது. என் படம் நான்காவது.

4

ஷாஹின் வாணியம்பாடிப் பெண். மலைக்கு நாங்கள் இந்தப் பக்கம் என்றால், அவர்கள் அந்தப் பக்கம். அப்பாவுக்குத் தோல் வியாபாரம். அவளுடைய மகன் இம்ரான் யாழினியின் வகுப்பில் படிக்கிறான். கால்வேக்கு வந்த முதல் வாரத்திலேயே பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சந்தவாசலா நீங்க? அடப் பாவி! நம்ம மலதானே!"

நம்ம மலை. அவள் மலைக்குப் போனது ஒரே ஒரு முறை. பள்ளிச் சுற்றுலாவில், காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க. நான் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன். என் அண்ணி அங்கேயே வேலை பார்க்கிறார். ஆனால் அவளுடைய பக்கத்தைப் படித்துப் பாருங்கள். காவலூரில் வண்டி பழுதாகி நின்றதையும், தெருவிளக்கே இல்லாத அந்தச் சாலையில் இத்தனை நட்சத்திரமா என்று தான் பயந்து அழுததையும், முன்பின் தெரியாத ஒரு மலைக்காரப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் களி கொடுத்ததையும் எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வலி வந்தால் அதே சாலையில் யார் கை பிடிப்பார்கள் என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். என் பக்கத்திலே சாலையின் நிலை, ஊர்களின் தொலைவு, ஜீப்பின் தேவை எல்லாம் சரியாக இருந்தன. எழுத்துப் பிழை பார்த்துப் பார்த்துத் திருத்தியிருந்தேன். யாரும் முழுக்கப் படித்ததாகத் தெரியவில்லை.

வேலைகளையும் அவளே பிரித்துவிட்டாள். "பேப்பர் வேலயெல்லாம் நீங்க பாருங்கக்கா, எனக்குத் தல சுத்தும். நான் போயி ஜனங்கள புடிக்கிறேன்."

அப்படியே ஆயிற்று. அந்த அறக்கட்டளை வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்று விசாரித்தது நான். சான்றிதழ்களை மொழிபெயர்த்து, கையொப்பம் வாங்கி, முத்திரை சரியாக விழவில்லை என்று வங்கி திருப்பியதை மறுபடி அனுப்பியது நான். பள்ளி வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்தது அவளை. நான் யாரிடமாவது பணம் கேட்டால் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். "சிரமமில்லையென்றால், முடிந்தால், இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்பேன். பரவாயில்லை என்று அவர்களும் போய்விடுவார்கள். அவள், கல்யாண வீட்டில் இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா என்று கேட்பது போலக் கேட்பாள்.

ஜீப்புக்காகப் பள்ளியில் நடத்திய தின்பண்ட விற்பனை நாளன்று, மலையின் நினைவாக இருக்கட்டும் என்று சாமை வறுத்து, அரைத்து, வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுபோனேன். சாமை என்றால் என்ன என்று ஓர் அட்டையில் எழுதி முன்னால் வைத்தேன். மதியம் வரை ஓர் உருண்டைகூட நகரவில்லை. அவளுடைய சமோசா தீர்ந்துவிட்டது. காலித் தட்டுடன் என் மேசைக்கு வந்தாள்.

"இன்னாக்கா இது, பரீட்ச பேப்பர் மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க? இங்க குடுங்க." அட்டையைக் கவிழ்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு, மலைக்காரர்களின் பலம் தரும் உருண்டை, ஓடுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் என்று ஆங்கிலத்தில் கூவிக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது தட்டு காலி. எனக்கு அழுகை வந்தது. நல்லது செய்தவள் மேல் ஏன் இப்படி எரிகிறது என்று கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யாழினி என்னோடு தமிழ் பேச மாட்டாள். சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுகிறேன். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அன்று அந்தக் கூட்டத்தில் என் மகள் ஷாஹினின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "இன்னா ஆன்ட்டி, சமோசா எனக்கு ஒண்ணு கூட வெக்கலயா?" என்று கேட்டாள். வாணியம்பாடிச் சந்தையில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி. ஷாஹின் வீட்டில் பேசுவது உருது.

5

கடைசி நிகழ்ச்சியாக, பள்ளிக்கூடத்தில் மொட்டை போடுவது என்று முடிவானது. அந்த ஊரில் அது வழக்கம்தான். ஷாஹினின் கணவரும் இம்ரானும் முன்வந்தார்கள். குழுக் கூட்டத்தில் ஷாஹின் இன்னொன்றும் சொன்னாள், ஆங்கிலத்தில்தான், ஆனால் எனக்கு அது அவள் தமிழிலேயே கேட்டது.

"எங்க வூட்ல கொழந்த பொறந்த ஏழாம் நாளு அகீகான்னு செய்வோம். மொத முடிய எடுத்து எடை போட்டு, அந்த எடைக்கு வெள்ளி கணக்குப் பண்ணி ஏழைங்களுக்குக் குடுத்துடுவோம். அந்த மாதிரி இங்கயும் முடிய எடை போடலாம். கிராமுக்கு இவ்ளோன்னு யார் வேணா எழுதிக்கட்டும்."

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அப்போது, என்னோடு வந்திருந்த யாழினி கையை உயர்த்தினாள். "என் முடியையும் எடை போடுங்க. என்னோடது நெறைய வெயிட் இருக்கும்."

கைதட்டினார்கள். ஷாஹின் தட்டவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். "மொதல்ல அம்மாவ கேளு கண்ணு" என்றாள்.

அது சாமிக்கு என்று சொல்லி மறுத்தேன். அந்தக் காரணம் உண்மைதான். அது மட்டுமே உண்மை என்று சொல்ல மாட்டேன். அவள் மேசையில், அவள் தராசில், அவள் பெயரில் என் மகளின் முடி விழுவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. கண்ணாடிப் பெட்டியின் துளை வழியாக விரல் நீட்டியது நான்.

மறுநாள் வேலைக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தைத் திறந்து புதிதாக எழுதினேன். யாழினி பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி இது. இந்தக் கோடையில் அதே மலையின் அடிவாரத்திலுள்ள எங்கள் கோயிலில் இதைக் காணிக்கையாகக் கொடுக்கப் போகிறோம். வாக்களிப்பவர்கள் மொட்டை போட்ட படத்தைப் பார்த்த பிறகு பணம் தரலாம். அவளுடைய பின்னலின் படத்தையும் சேர்த்தேன். யாழினியிடம் கேட்கவில்லை. ஒரு வயதில் மொட்டை போடும்போது குழந்தையிடம் யார் கேட்கிறார்கள்? ஏழு வயதில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வார இறுதிக்குள் என் படம் மேலே போய்விட்டது. முதலாவது நான். அடுத்தது ஷாஹின். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் மாதிரிகளை இயந்திரத்தில் வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அம்மனை விளம்பரத்துக்கு இழுத்துவிட்டோமோ என்று இடையிடையே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

ஷாஹின் கூப்பிட்டாள். "அக்கா, கலக்கிட்டீங்க! படிச்சிட்டு எங்க வூட்டுக்காரரு கண்ணத் தொடச்சிக்கினாரு. என் ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன், குடுங்கன்னு."

பெயர்களை மறுபடி பார்த்தேன். ஆமாம், பாதிப் பேர் அவளுடைய ஆட்கள்.

பள்ளிக்கூடத்தில் இம்ரானின் முடியை எடை போட்டபோது தராசின் முள் அசையவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். யாழினி பின் வரிசையில் பின்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

6

ஊருக்கு வந்த பிறகு, ஜீப் யாருக்காக என்று யாழினி பார்த்தால் நல்லது என்று நினைத்தேன். அண்ணி வேலைக்குப் போகும்போது எங்களையும் மலைக்கு அழைத்துப் போனார். பேருந்தில் காலை நீட்ட இடமில்லை. பிள்ளைகள், மூட்டைகள், கீழே இறங்கி மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள். சாமை விதைத்த சரிவுகளில் மழைக்குப் பிறகு பச்சை பிடித்திருந்தது. யாழினிக்கு வளைவுகள் பிடித்துப்போய்விட்டன. இன்னும் எத்தனை வளைவு என்று நடத்துனரைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சுகாதார நிலையத்தில் ஜோதி என்ற பெண் இருந்தாள். மாதம் நிறைந்தவள். வலி வந்த பிறகு புறப்பட்டால் முடியாது என்று முன்னதாகவே நடந்து வந்து அங்கே தங்கியிருந்தாள். யாழினியைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"யம்மா, இம்மாம் நீட்டு முடியா! எண்ணைக்கே சொத்து எழுதணும் போல. எனக்குப் பாதி குடுத்துட்டுப் போ கண்ணு."

"குடுக்க முடியாது ஆன்ட்டி. நெறைய பேர் ஏற்கனவே வாங்கிட்டாங்க."

"யாரு யாரு?"

யாழினி விரல் மடக்கினாள். "சாமி. அப்புறம் எங்க மிஸ். அம்மா ஆபீஸ்ல இருக்கறவங்க. அப்புறம் உங்க ஜீப்பு."

"அப்போ உனக்கு?"

"எனக்கு இல்ல."

ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ எவனுக்கும் குடுக்காத போ!"

"குடுப்பேன். ஷாஹின் ஆன்ட்டி வரணும். என் பக்கத்துல உக்காரணும். அவங்கதான் எடை போடணும். எடை போட்டுட்டு சாமிக்குக் குடுத்துடலாம். அவங்க வரலன்னா மாட்டேன்."

நான் குறுக்கே பேசினேன். "கோயில்ல யாரும் எடை போட மாட்டாங்க யாழி. ஆன்ட்டி அவங்க ஊர்ல இருக்காங்க."

"வாணியம்பாடிதானே. மலைக்கு அந்தப் பக்கம். ஆன்ட்டியே சொன்னாங்க."

ஷாஹினும் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அதை நான் யாழினியிடம் சொல்லவில்லை. இம்ரான் சொல்லியிருக்கிறான். அண்ணி எடைக்கருவியில் ஒரு கைக்குழந்தையைக் கிடத்திக்கொண்டே எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும் பேருந்தில்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கு வண்டி வந்தா போதும்மா. யார் பக்கத்துல யார் உக்காந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

7

யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

அண்ணன் குமாருக்குக் கடைவீதியில் மளிகைக்கடை. யாழினி முடி இறக்கும்போது உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில், அதாவது அவர் மடியில். அவர் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். சாப்பிடும்போது மெதுவாக எடுத்தேன். "ஷாஹின்னு என் கூட்டாளி. முஸ்லிம். கோயிலுக்கு அவங்களும் வந்து முடிய எடை போடணும்னு யாழினி அடம் புடிக்கிறா. எப்படின்னு தெரியல."

"வரட்டுமே" என்றார். "ஆடிக் கூழுக்கு வருஷா வருஷம் நமக்கு ராகி மூட்ட எறக்குறது யாரு? பாய்தானே. மடிக்கு நான் இருக்கேன், எடை போட அந்தப் பொண்ணு இருக்கட்டும். நம்ம கடத் தராசயே எடுத்துக்கினு போலாம்."

அம்மா உள்ளேயிருந்து, "அந்தப் பக்கத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வரணும், பசியோட வருவாங்க. எத்தன இலைன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு" என்றார்.

செந்திலைக் கூப்பிட்டேன். "உன் இஷ்டம்" என்றார். கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே பயனற்றது இதுதான்.

ஆக, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பழியைப் போட ஆளில்லாமல் நான் மட்டும் நிற்கிறேன். அம்மனுக்கு ஆட்சேபம் இருக்குமா என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளையைக் கொடுத்தவள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாளா?

அதட்டிப் பணியவைக்கலாம். ஏழு வயதுதானே, மாமா மடியில் அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அண்டை அயலில் பிள்ளைகள் அழ அழத்தான் மொட்டை போடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தை அல்லவா நான் கால்வேக்கு அனுப்ப வேண்டும்? கண்கள் வீங்கிய குழந்தையின் படத்தைக் காட்டி, பணத்தைக் கொடுங்கள் என்று கேட்கவா? மொட்டையே வேண்டாம் என்று விட்டால் வாக்களித்தவர்களின் பணம் வராது. பட்டறைக்காரர் ஜீப்பை வேறு யாருக்காவது தள்ளிவிடுவார். மலைப்பாதையில் மழை காத்திருக்காது. ஜோதிக்கு அடுத்து மாதம் நிறைகிறவர்கள் இருக்கிறார்கள்.

8

நேற்றுக் காலை ஷாஹினே கூப்பிட்டாள்.

"அக்கா, பாப்பா பேசிச்சு, உங்க அண்ணி போன்லருந்து. வாங்கன்னு கூப்டுது. நான் வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. அம்மாவ கேட்டுச் சொல்றேன் கண்ணுன்னு வெச்சிட்டேன்."

நான் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க வான்னு சொன்னா நானும் இம்ரானும் வர்றோம். உங்களுக்குச் சரிப்படலன்னா சொல்லுங்க, எனக்கு ஜுரம்னு பாப்பாகிட்ட சொல்லிடுங்க. நானும் அதயே சொல்லிக்கிறேன். கொழந்த மனசு உங்க மேல கசந்துக்கக் கூடாது பாருங்க."

நான் தேட வேண்டிய பொய்யைக்கூட அவளே தயார் செய்து என் கையில் கொடுத்துவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். "சொல்றேன் ஷாஹின்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். யாழினி கதவருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். அதுவும் என்னிடம்.

சாப்பிட வா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

படிக்கிறவர்களில் தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். கடைசி வெள்ளிக்கு முன்பாக எனக்குக் கீழே எழுதுங்கள். அவளை வர வேண்டாம் என்று சொல்லலாம் என்பவர்கள், ஜுரம் என்ற பொய்யை என் மகளின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவளை அழைக்கச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது வேறு. குழந்தை மாமன் மடியில் இருக்கும். ஒரு கையை ஷாஹின் பிடித்திருப்பாள். யாழினிக்கு இன்னொரு கை இருக்கிறது. அதை அவளாக என்னிடம் நீட்டும்வரை நான் காத்திருக்க வேண்டுமா, இல்லை நானே போய்ப் பிடித்துக்கொள்ளலாமா?